பகலில் ஐந்து மணி நேரம் தாங்கிய பவளத் தொட்டி ராத்திரியில் ஏன் தாங்கவில்லை?

மடிப்பாக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடையது 200 லிட்டர் கடல் தொட்டி, ஒன்றரை வருடம் ஆகிறது. மென்பவளங்கள், இரண்டு க்ளவுன், ஒரு ஃபாக்ஸ்ஃபேஸ், சில க்ரோமிஸ் என மீன்கள், நத்தைகள். பாறையெல்லாம் பச்சை முடிப்பாசி மூடியதால் கடைக்காரர் சொன்ன பாஸ்பேட் உறிஞ்சியை (பாசிக்குச் சத்தாகும் பாஸ்பேட்டைத் தண்ணீரிலிருந்து இழுப்பது) அளவுக்கு மேல் போட்டிருக்கிறார். முடிப்பாசி போய்விட்டது. ஆனால் கொஞ்ச நாளில் பழுப்பு நிறத்தில் சளி போல ஒன்று, நுனியில் காற்றுக் குமிழியோடு, மணல் பாறை பவளம் எல்லாவற்றின் மேலும் படர்ந்துவிட்டது. நத்தைகள் ஒவ்வொன்றாகக் கவிழ்ந்து விழுகின்றன. இந்த நிலையில் ஒரு ராத்திரி 1 மணிக்குப் போன கரண்ட் விடிகாலை 5 மணிக்குத்தான் வந்திருக்கிறது. ஃபாக்ஸ்ஃபேஸும் க்ரோமிஸ்களும் செத்துக் கிடந்தன, க்ளவுன்கள் மட்டும் பிழைத்தன. மாதாந்திர ஷட்டவுனில் காலை 9 முதல் மதியம் 2 வரை கரண்ட் இல்லாமல் பலமுறை தாங்கிய தொட்டி, ராத்திரி நான்கு மணி நேரத்தில் ஏன் இப்படி ஆனது என்பது அவர் கேள்வி. கூடவே இன்னும் மூன்று கேட்கிறார்: பாசிக்கு என்ன மருந்து போடலாம், வீட்டு இன்வெர்ட்டர் தொட்டியைத் தாங்காது என்று கடைக்காரர் சொல்கிறார், தனியாக எந்த இன்வெர்ட்டர் வாங்கலாம், ராமேஸ்வரத்தில் தெரிந்தவர் லைவ் ராக் (நுண்ணுயிர்கள் குடியிருக்கும் பவளப்பாறைத் துண்டு) தருகிறேன் என்கிறார், எல்லாவற்றையும் கலைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கலாமா?

இந்தக் கேள்விகளைத் தனித்தனியாகப் பிரித்தால் பதில் தப்பாகப் போய்விடும். உங்கள் மீனைக் கொன்றது பாசியும் மின்தடையும் சேர்ந்துதான். இரண்டும் கைவைத்த இடம் ஒன்று: தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜன்.

27 டிகிரியில் இருக்கும் கடல்நீர் லிட்டருக்கு ஏறக்குறைய ஆறரை மில்லிகிராம் ஆக்ஸிஜனைத்தான் பிடித்து வைத்துக்கொள்ளும். அதே சூட்டில் நல்ல தண்ணீர் 8 வரை பிடிக்கும். சூடு ஏற ஏற இந்த அளவு இன்னும் குறையும். அதாவது கடல் தொட்டியில் கையிருப்பு எப்போதுமே கம்மி. விளக்கு எரியும்போது பாசியும், பவளத்துக்குள் வாழும் நுண்பாசிகளும் ஆக்ஸிஜனைத் தயாரிக்கின்றன. விளக்கு அணைந்ததும் அவையும் மீனைப் போலவே ஆக்ஸிஜனை எடுத்துக்கொள்ள ஆரம்பிக்கின்றன. பம்ப் ஓடிக்கொண்டிருந்தால்கூட விடியற்காலையில்தான் தொட்டியில் ஆக்ஸிஜன் மிகக் கீழே இறங்கும். அந்த நேரத்தில் வெளியிலிருந்து ஆக்ஸிஜன் வருவதற்கு இருக்கும் ஒரே வழி தண்ணீரின் மேற்பரப்பு. மேற்பரப்பு கலங்கினால் காற்று கரையும், அசையாமல் நின்றால் கிட்டத்தட்டக் கரையாது.

இப்போது உங்கள் இரண்டு மின்தடைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பகல் ஷட்டவுன் ஆரம்பிக்கும்போது தொட்டி ராத்திரி முழுக்க பம்ப் ஓடிய தொட்டி. ஜன்னல் வெளிச்சம் வேறு கொஞ்சம் இருக்கும். அப்போது சளியும் இல்லை. அன்றைய ராத்திரியில் நிலைமை தலைகீழ்: விளக்கு அணைந்து சில மணி நேரம் ஆகிவிட்டது, ஒவ்வொரு அங்குலத்திலும் மூச்சு வாங்கும் சளி, இறந்த நத்தைகளை அழுகவைத்துக்கொண்டிருக்கும் பாக்டீரியா, அதன் மேல் பம்பும் நின்றுவிட்டது. ஃபாக்ஸ்ஃபேஸ் செத்ததிலும் ஆச்சரியம் இல்லை. பெரிய, ஓயாமல் நீந்துகிற மீனுக்குத்தான் ஆக்ஸிஜன் அதிகம் வேண்டும். இன்னொரு ஃபாக்ஸ்ஃபேஸ் வாங்காதீர்கள். 200 லிட்டர் அதற்குச் சின்னது.

இது தொட்டிக்குள் மட்டும் நடக்கிற விஷயம் அல்ல. 2019 ஆகஸ்டில் ஒரு ராத்திரி திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் அலைகள் நீல நிறத்தில் ஒளிர்ந்ததைப் பார்க்க ஊரே திரண்டு போனது நினைவிருக்கும். அதற்குக் காரணம் நாக்டிலூகா என்ற டைனோஃப்ளாஜெல்லேட், அதாவது ஒற்றைச்செல் நுண்ணுயிர். அதற்கு அடுத்த மாதம் மண்டபம், பாம்பன் பக்கம் மன்னார் வளைகுடாவில் அதே நாக்டிலூகா பெருகிக் கடலே பச்சையானது. ஷிங்கில் தீவை ஒட்டிய பவளப்பாறைகளில் ஆக்ஸிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழே போனது. மீன்கள் செத்து ஒதுங்கின, அக்ரோபோரா போன்ற வேகமாக வளரும் பவளங்கள் கூட்டமாக மடிந்தன. கடலுக்கே அந்தக் கதி என்றால் 200 லிட்டரை நினைத்துப் பாருங்கள். உங்கள் தொட்டியில் இருப்பதும், நான் சந்தேகப்படுவது சரி என்றால், அந்த வகையறாதான். ஹாபியில் சுருக்கமாக டைனோ என்பார்கள்.

உறுதிப்படுத்திக்கொள்வது எளிது. சளியைக் கொஞ்சம் ட்ராப்பரில் உறிஞ்சி, தொட்டித் தண்ணீரோடு ஒரு சின்ன பாட்டிலில் போட்டு நன்றாகக் குலுக்குங்கள். டிஷ்யூ பேப்பரில் வடிகட்டி, வடிந்த தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் விளக்குக்குக் கீழே ஒரு மணி நேரம் வையுங்கள். தெளிவாக இருந்த தண்ணீரில் மறுபடியும் பழுப்பு நூல் சேர்ந்தால் அது டைனோ. சேராமல் அப்படியே கிடந்தால் டயாட்டமாகவோ சயனோவாகவோ இருக்கலாம், அவற்றைப் பற்றிக் கீழே சொல்கிறேன். ராத்திரி டார்ச் அடித்தும் பாருங்கள்: சாயங்காலம் கம்பளி போல இருந்த சளி விடிவதற்குள் பெரும்பாலும் காணாமல் போய், விளக்கு போட்டதும் திரும்பி வந்தால் சந்தேகமே வேண்டாம். நத்தைகள் சாவது இன்னொரு அடையாளம். ஆஸ்ட்ரியாப்சிஸ் போன்ற சில வகைகளிடம் விஷம் உண்டு, மேய்கிற நத்தைகளை அது கொல்லும். பிள்ளைகள் உபயோகிக்கிற சாதாரண மைக்ராஸ்கோப் கிடைத்தால் இன்னும் நல்லது. எள் போல ஒரு முனை கூர்மையாக இருந்து, கயிற்றில் கட்டியது போல ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தால் ஆஸ்ட்ரியாப்சிஸ். மணலிலேயே கிடந்து அங்குமிங்கும் வழுக்கிப் போனால் ஆம்ஃபிடினியமாக இருக்கலாம். இரண்டுக்கும் வைத்தியம் கொஞ்சம் வேறு என்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

டைனோ வந்ததற்குக் காரணம் அழுக்கு அல்ல, அதிகப்படி சுத்தம். பாஸ்பேட் உறிஞ்சியை அள்ளிப் போட்டதில் பாஸ்பேட் பூஜ்யத்துக்குப் போயிருக்கும், அதோடு சேர்ந்து நைட்ரேட்டும் விழுந்திருக்கும். அந்தப் பட்டினியில் முடிப்பாசி சாகிறது, பாறையில் இருக்கும் நல்ல பாக்டீரியாவும் நல்ல பாசிகளும் மெலிகின்றன, அந்தக் காலி இடத்தில் டைனோ குடியேறுகிறது. ஆகவே மருந்து தேடுவதற்கு முன்னால் தொட்டிக்குச் சாப்பாடு போட வேண்டும். உறிஞ்சியை இன்றைக்கே வெளியே எடுங்கள். டைனோ அடங்கும்வரை தண்ணீர் மாற்றாதீர்கள். ஸ்கிம்மரை (நுரையாக்கி அழுக்கைப் பிரிக்கும் கருவி) கொஞ்சம் குறைத்து வையுங்கள், முழுக்க நிறுத்த வேண்டாம், ஆக்ஸிஜன் கரைக்கிற வேலையில் அதற்கும் பங்கு உண்டு. உறைந்த இறாலைக் கழுவாமல் அப்படியே போடலாம். நைட்ரேட் 5 முதல் 10 பிபிஎம், பாஸ்பேட் 0.05 முதல் 0.1 பிபிஎம் வரை வந்து அங்கேயே நிற்க வேண்டும். இந்த எண்கள் வந்தவுடன் சளி போய்விடும் என்று எதிர்பார்க்காதீர்கள், வாரக்கணக்கில் ஆகும். அதுவரை தினமும் சாயங்காலம், சளி கெட்டியாக இருக்கும் நேரத்தில், மெல்லிய குழாயால் உறிஞ்சி ஃபில்டர் சாக்ஸ் வழியாக வடித்து, வடிந்த தண்ணீரைத் திரும்பச் சம்பில் (தொட்டிக்குக் கீழே இருக்கும் ஃபில்டர் தொட்டி) விடுங்கள். சாக்ஸை உடனே கழற்றி நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள்.

ஆஸ்ட்ரியாப்சிஸ் என்றால் ராத்திரியில் அது பாறையை விட்டுத் தண்ணீரில் மிதக்கப் போகும். அப்போது யுவி விளக்கு நன்றாக வேலை செய்யும். உங்கள் தொட்டிக்கு 18 வாட் அளவில் ஒன்று போதும். சம்பில் வைக்காமல், தொட்டியிலிருந்து எடுத்துத் தொட்டியிலேயே விடும்படி, மெதுவான ஓட்டத்தில் வையுங்கள். ஆம்ஃபிடினியம் மணலை விட்டு மேலே வராது, அதற்கு யுவி வாங்குவது வீண்செலவு. மூன்று நாள் விளக்கை அணைத்துத் தொட்டியைத் துணியால் மூடி வைப்பதும் சிலர் செய்வது, மென்பவளங்கள் அதைத் தாங்கும். ஆனால் நீங்கள் இப்போது அதைச் செய்ய வேண்டாம் என்பேன். மூன்று நாள் ஆக்ஸிஜன் உற்பத்தியே இல்லாமல், சாகிற சளியும் அழுகிக்கொண்டிருக்கும்போது நடுராத்திரியில் கரண்ட் போனால் மிச்சம் இருக்கும் க்ளவுன்களும் போய்விடும். முதலில் காற்று பம்புக்கு வழி செய்யுங்கள், அப்புறம் இருட்டடிப்பு. சயனோவுக்கு என்று கடையில் விற்கும் பொடிகள், எரித்ரோமைசின் மாத்திரை இவற்றுக்கும் இதே எச்சரிக்கைதான். அவை கொன்ற பாக்டீரியா எல்லாம் தொட்டிக்குள்தான் அழுகும்.

மற்ற பாசிகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், டைனோ போன பிறகு அவற்றில் ஏதாவது ஒன்று கட்டாயம் எட்டிப் பார்க்கும். மாவு தூவியது போலப் பழுப்பாகக் கண்ணாடியில் படிந்து, விரலால் தொட்டதும் போய்விடுவது டயாட்டம், தண்ணீரில் சிலிகேட் தீர்ந்தால் அதுவே போகும். சிவப்பும் கறுப்புமாகத் தோல் போல உரிந்து வருவது சயனோ. அது பாசி இல்லை, பாக்டீரியா. நீரோட்டம் சேராத மூலைகளில்தான் படுக்கும், வேவ்மேக்கரை (தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் பம்ப்) திருப்பி வைத்து உறிஞ்சி எடுத்தாலே பாதி வேலை முடிந்தது. பச்சை முத்து போல உருண்டையாக இருப்பதை உடைக்காமல் அடியோடு பெயர்த்து எடுக்க வேண்டும். முடிப்பாசி திரும்பி வந்தால் சந்தோஷப்படுங்கள், டைனோ தோற்கிறது என்று அர்த்தம். அதைக் கையாலும் பழைய டூத் பிரஷாலும் பிடுங்குங்கள், பாறையைத் தனியாக ஒரு வாளியில் எடுத்து வைத்துத் தேய்த்தால் துண்டுகள் தொட்டியில் பரவாது. அப்புறம் டர்போ நத்தைகள் பார்த்துக்கொள்ளும். இலை நரம்பு போலக் கிளை பிரிந்திருந்தால் அது பிரையாப்சிஸ், அதை மட்டும் நத்தை தொடாது. அதற்கு ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மருந்து கேட்கும், ஆனால் அதை அடையாளம் தெரியாத பாசிக்கெல்லாம் போடாதீர்கள். பாறையை எந்தக் காரணத்துக்காகவும் கொதிக்கவைக்காதீர்கள். ஜோயாந்தஸ் என்ற பவள வகை ஒட்டியிருந்தால் அதன் விஷமான பாலிடாக்ஸின் ஆவியோடு கலந்து வீட்டில் இருப்பவர்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடும்.

பாசி மறுபடி மறுபடி வருகிறது என்றால் சென்னையில் நான் முதலில் பார்க்கச் சொல்வது டாப்-அப் தண்ணீரை, அதாவது ஆவியானதற்கு ஈடாக ஊற்றுவதை. மே மாதத்தில் ஃபேன் வைத்த தொட்டியில் தினமும் சில லிட்டர் ஆவியாகும். போவது சுத்தத் தண்ணீர் மட்டும், அதில் கரைந்திருந்தது எல்லாம் தொட்டியிலேயே தங்கும். மடிப்பாக்கம் பக்கம் போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும் கலந்து வீட்டுத் தரைத் தொட்டியில் நிற்கும், டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) ஆயிரத்தைத் தாண்டுவது சகஜம். குடிக்கிற ஆர்ஓ இருக்கிறதே என்பீர்கள். அதில் சுவைக்காகக் கொஞ்சம் சுத்திகரிக்காத தண்ணீரைத் திரும்பக் கலக்கும் திருகு ஒன்று இருக்கும், மினரல் கார்ட்ரிட்ஜ் வேறு இருக்கும். குடிக்க நல்லது, தொட்டிக்கு ஆகாது. ஆர்ஓவுக்குப் பின்னால், மிச்ச உப்பையும் பிடித்துக்கொள்ளும் டிஐ ரெசின் வைத்து, டிடிஎஸ் மீட்டரில் பூஜ்யம் காட்டும் தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். தென்சென்னையின் சில பகுதிகளுக்கு நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கி அனுப்புகிறார்கள், அதனால் தெருவுக்குத் தெரு, மாதத்துக்கு மாதம் தண்ணீர் வேறுபடும். பக்கத்து வீட்டுக்காரர் ரெசின் ஒரு வருடம் வந்தது என்பதை வைத்து நீங்கள் முடிவு செய்ய முடியாது, மீட்டரைத்தான் நம்ப வேண்டும். கடற்கரையிலிருந்து கேனில் கடல்நீர் எடுத்துவரும் பழக்கம் இருந்தால், வடகிழக்குப் பருவமழைக் காலத்திலாவது விட்டுவிடுங்கள். மழையும் ஆற்று வெள்ளமும் கலந்து உப்பு கணிசமாக இறங்கியிருக்கும், அடையாறும் கூவமும் கொண்டுவந்து சேர்த்ததும் அதில்தான் இருக்கும்.

சரி, கரண்டுக்கு வருவோம். வீட்டு இன்வெர்ட்டர் இருந்தும் கடைக்காரர் லோடு தாங்காது என்று சொன்னதால் தொட்டியை அதில் இணைக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தொட்டி முழுவதையும் இணைத்தால் தாங்காதுதான். இணைக்க வேண்டியது வேவ்மேக்கரை மட்டும், இடம் இருந்தால் ரிட்டர்ன் பம்பையும் (சம்பிலிருந்து தண்ணீரைத் தொட்டிக்கு ஏற்றுவது). சாதாரண 150 ஆம்பியர்-அவர் பேட்டரியில் காகிதக் கணக்குப்படி 1800 வாட்-அவர் இருக்கும். மாற்றத்தில் வீணாவது, பேட்டரியை அடியோடு இறக்கக் கூடாது என்பது எல்லாம் போக 1000 வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சீலிங் ஃபேன், நாலு விளக்கு, வைஃபை எல்லாம் சேர்ந்து 200 வாட் இழுத்தால் ஐந்து மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அதில் 10 வாட் வேவ்மேக்கர் சேர்ந்ததால் பெரிதாக எதுவும் குறையாது. அதே பேட்டரி தொட்டிக்கு மட்டும் என்றால், வேவ்மேக்கரும் ரிட்டர்ன் பம்பும் சேர்ந்து 50 வாட், 20 மணி நேரம் ஓடும். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர், விளக்கு, ஸ்கிம்மர் மூன்றையும் அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். சின்ன சில்லரே 200 வாட் பக்கம் குடிக்கும். இன்வெர்ட்டர் சைன் வேவ் வகையாக இருக்கட்டும், ஸ்கொயர் வேவில் ஏசி பம்புகள் உறுமும், சூடாகும். அபார்ட்மென்ட்டில் ஜெனரேட்டர் இருந்தால் உங்கள் வீட்டில் எந்த ப்ளக் பாயிண்டுக்கு அந்த லைன் வருகிறது என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டு, வேவ்மேக்கரை அங்கே மாற்றிவிடுங்கள்.

வேவ்மேக்கரின் திசையும் முக்கியம். அதன் ஓட்டத்தை மேற்பரப்பை நோக்கி, தண்ணீர் சுருங்கிச் சுருங்கி நெளிகிற மாதிரி வையுங்கள். பக்கவாட்டில் பார்த்தால் மேற்பரப்பு கண்ணாடி போலத் தெரியக் கூடாது.

ஆனால் நான் இன்வெர்ட்டருக்கும் முன்னால் வாங்கச் சொல்வது, கரண்ட் போனதும் தானே ஓட ஆரம்பிக்கிற பேட்டரி காற்று பம்ப். மீன் கடைகள் நிறைந்த கொளத்தூரில் கேட்டால் கிடைக்கும், விலையும் அதிகம் இல்லை. நடுராத்திரியில் நீங்கள் எழுந்திருக்கவே வேண்டாம் என்பதுதான் அதன் அருமை. யுஎஸ்பியில் ஓடுகிற காற்று பம்பும் நல்லதுதான், 20,000 எம்ஏஹெச் பவர்பேங்கில் ஒரு நாளுக்கு மேல் ஓடும். ஆனால் பல பவர்பேங்குகள் இவ்வளவு குறைந்த கரண்ட் இழுத்தால் போன் கழற்றப்பட்டது என்று எண்ணித் தானாக அணைந்துவிடும். வாங்கிய அன்றே ஒரு வாளித் தண்ணீரில் சில மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே மாட்டுங்கள், இல்லையென்றால் அது நின்றதும் குழாய் வழியாகத் தண்ணீர் பின்னோக்கி வழியும்.

தண்ணீர் பின்னோக்கி வருவது ரிட்டர்ன் குழாயிலும் நடக்கும். பம்ப் நின்றதும் குழாய் வாய் மூழ்கியிருக்கும் மட்டம் வரை தொட்டித் தண்ணீர் சம்புக்கு இறங்கும். அதைத் தடுக்கக் குழாயில் மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு துளை போட்டிருப்பார்கள். உங்களைப் போல பாசி வந்த தொட்டியில் அந்தத் துளை அடைத்துக்கொள்ளும், யாரும் கவனிப்பதில்லை, ஒரு மின்தடையில் ஹால் முழுக்க உப்புத் தண்ணீர். மாதம் ஒருமுறை பல்குத்தும் குச்சியால் அந்தத் துளையைக் குத்தி விடுங்கள். பம்பை நீங்களே நிறுத்தி, சம்ப் எவ்வளவு உயர்கிறது என்றும் பாருங்கள். விளக்கின் டைமர் திருகுகிற வகை என்றால் அதையும் பாருங்கள். ஒவ்வொரு ஷட்டவுனுக்கும் அது ஐந்து மணி நேரம் பின்தங்கும், சில மாதத்தில் ராத்திரியில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்.

அறிவிக்கப்பட்ட ஷட்டவுன் நாளில் காலையில் தீனி போடாதீர்கள். கரண்ட் போனதும் அம்மோனியாவைப் பற்றியோ சூட்டைப் பற்றியோ முதலில் கவலைப்படத் தேவையில்லை, ஆக்ஸிஜன்தான் முதலில் தீரும். கையில் எதுவுமே இல்லையென்றால் ஒரு ஜக்கில் தண்ணீரை மொண்டு ஒரு அடி உயரத்திலிருந்து ஊற்றுங்கள், கால் மணிக்கு ஒருமுறை சில நிமிடம் செய்தாலே போதும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதும், தொட்டியில் க்ளீனர் இறால் இருந்தால் அது கண்ணாடியில் ஏறி மட்டத்துக்கு வருவதும் நேரம் குறைவு என்பதற்கான அடையாளம். சூட்டைப் பொறுத்தவரை கத்திரி வெயிலில்கூட 200 லிட்டர் சட்டென்று கொதித்துவிடாது. ஒரு லிட்டர் பாட்டிலில் உறைந்த ஐஸை மூடியோடு மிதக்கவிட்டால் உங்கள் தொட்டி ஏறக்குறைய அரை டிகிரி இறங்கும். அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு ஃப்ரீஸரில் நான்கைந்து பாட்டில் போட்டு வையுங்கள், ஒன்றன்பின் ஒன்றாக விடுங்கள், மொத்தமாக விடாதீர்கள். ஃபேன் வைத்துக் குளிர்விப்பது சென்னைக் காற்றின் ஈரப்பதத்தில் ஓரளவுக்குத்தான் எடுபடும்.

புயல் வேறு கணக்கு. 2016 டிசம்பர் 12 வர்தா, 2023 டிசம்பரில் மிக்ஜாம் இரண்டிலும் நகரின் பல பகுதிகளில் நாட்கணக்கில் கரண்ட் இல்லை. மிக்ஜாமில் உங்கள் பக்கம் வேளச்சேரி, பள்ளிக்கரணையெல்லாம் தண்ணீரில் நின்றது. அத்தனை நாளைக்கு இன்வெர்ட்டர் வராது. 24 வோல்ட் டிசி வேவ்மேக்கர் என்றால் 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்து நேராக ஓட்டலாம், குறைந்த வேகத்தில் வைத்தால் ஒரு ராத்திரிக்குக் குறையாமல் வரும். இணைப்பை எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்துகொள்ளுங்கள். இந்த மாதிரி இரண்டு ஜோடி இருந்தால் ஒன்று ஓட, மற்றதை யார் வீட்டிலாவது சார்ஜ் செய்யலாம். தரைத்தளத்தில் இருந்தால் பேட்டரிகளையும் ப்ளக் பாயிண்டுகளையும் முட்டி உயரத்துக்கு மேலே வையுங்கள், வீட்டுக்குள் வெள்ளம் வருவதற்கு முன் மெயினை அணைத்துவிடுங்கள். அக்டோபர் பிறந்ததும் 40 லிட்டர் உப்புநீரைக் கலந்து மூடி போட்ட ட்ரம்மில் தயாராக வையுங்கள். புயல் முடிந்த மறுநாள் ஆர்ஓ ஓட்டத் தண்ணீரும் கரண்டும் சேர்ந்து கிடைக்காது, உங்களுக்கோ அன்றைக்குத்தான் தண்ணீர் மாற்ற வேண்டியிருக்கும்.

கரண்ட் வந்தவுடன் எல்லா ஸ்விட்சையும் தட்டிவிடாதீர்கள். வந்த முதல் சில நிமிடம் வோல்டேஜ் ஏறி இறங்கும். முதலில் வேவ்மேக்கர், பத்து நிமிடம் கழித்து ரிட்டர்ன், அப்புறம் ஸ்கிம்மர், அதுவும் கப்பைக் காலியாக வைத்து, ஏனென்றால் சம்ப் மட்டம் ஏறியிருப்பதால் நுரை பொங்கி வழியும். சில்லர் கடைசி. கானிஸ்டர் ஃபில்டரோ, உறிஞ்சி போட்ட ரியாக்டரோ இருந்தால் சில மணி நேரம் நின்ற அந்தத் தண்ணீரைத் தொட்டிக்குள் விடவே கூடாது. திறந்து முகர்ந்தால் அழுகிய முட்டை வாடை அடிக்கும். அதைக் கொட்டிவிட்டுக் கழுவி மாட்டுங்கள். அன்று சாயங்காலம் அம்மோனியா பாருங்கள், இருந்தால் கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள். டைனோவுக்காகத் தண்ணீர் மாற்ற வேண்டாம் என்று சொன்னேன், அம்மோனியா வந்தால் அந்தப் பேச்சு செல்லாது. அடுத்த ஓரிரு வாரத்தில் கண்ணாடியில் பழுப்போ மணலில் சிவப்போ வரும். செத்தவை கரைந்த சத்து எங்கேயாவது போக வேண்டுமே. அதைப் பார்த்துப் பயந்து மறுபடியும் உறிஞ்சியை அள்ளிப் போட்டால் நீங்கள் இப்போது நிற்கும் இடத்துக்கே திரும்ப வந்துவிடுவீர்கள்.

கடைசியாக ராமேஸ்வரத்துப் பாறை. வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறேன். கடினப் பவளங்கள் எல்லாம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் முதல் அட்டவணையில் இருக்கின்றன, உயிரோடு எடுத்தாலும் உடைந்ததைப் பொறுக்கினாலும் குற்றம். வெளிநாட்டுக் காணொளிகளில் மணலைச் சுத்தம் செய்ய ஒரு கடல் அட்டை வாங்கிப் போடு என்பார்கள், இங்கே அதுவும் அதே அட்டவணையில்தான். சட்டத்துக்கு அப்பாலும் ஒரு விஷயம் உண்டு. மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி இரண்டும் கடலுக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக்காகப் பல காலம் பவளப்பாறையை வெட்டி எடுத்த கரை அது. 2019-இல் அங்கே மூச்சுத்திணறிச் செத்த பவளங்களின் இடத்தில் புதிதாக வளர ஆரம்பித்திருப்பதிலிருந்து நம் ஹாலுக்காக ஒரு துண்டு எடுத்துவருவதை என்னால் ஏற்க முடியாது.

தொட்டியைக் கலைப்பதும் வேண்டாம். புது மணல், காலிப் பாறை, பூஜ்ய பாஸ்பேட் இதுதான் டைனோவுக்கு மிகப் பிடித்த வீடு, திரும்ப ஆரம்பித்தால் திரும்ப வரும். அதற்குப் பதில், நகரில் நல்ல நிலையில் ஓடும் தொட்டி வைத்திருப்பவர் யாரிடமாவது ஒரு கப் மணலும், அவர் தொட்டியில் சில மாதம் கிடந்த கைப்பிடி அளவு செராமிக் மீடியாவும் (நல்ல பாக்டீரியா குடியேறும் துண்டுகள்) கேளுங்கள். அதில் வரும் நுண்ணுயிர்கள் டைனோவிடமிருந்து இடத்தைப் பிடிக்கும். வாங்கும்போது கண்ணாடிப் பூப் போன்ற ஐப்டேசியா என்ற தொல்லை உயிரி, இலை நரம்பு போன்ற பிரையாப்சிஸ் இரண்டும் ஒட்டியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். அவர் தன் தொட்டியில் மீன் நோய்க்குப் போடும், நத்தைக்கும் பவளத்துக்கும் ஆகாத காப்பர் மருந்தைக் கடைசியாக எப்போது போட்டார் என்றும் கேளுங்கள். எப்போதாவது போட்டிருந்தால் அங்கிருந்து எடுக்காதீர்கள், வேறு ஆளிடம் போங்கள்.